பதிவேட்டில் இல்லாத பாட்டி: ஜவ்வாது மலையும் முதியோர் மருத்துவமும்

1909-ஆம் வருடம். உலகத்தின் இரண்டு மூலைகளில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு காரியங்கள் நடந்தன.

நியூயார்க்கில் இக்னாட்ஸ் நாஷர் என்ற டாக்டர், ஒரு மருத்துவ இதழில் "ஜெரியாட்ரிக்ஸ்" என்ற புதிய சொல்லை அச்சில் ஏற்றினார். குழந்தைகளுக்குத் தனி வைத்தியம் இருப்பதுபோல முதியவர்களுக்கும் தனி வைத்தியம் வேண்டும் என்பது அவருடைய கட்சி. இதற்குப் பின்னால் ஒரு சின்னக் கதை உண்டு. நாஷர் மாணவராக இருந்தபோது, ஆதரவற்றோர் விடுதியில் ஒரு கிழவி வலி தாங்காமல் அழுதாராம். என்ன நோய் என்று இவர் கேட்க, கூட இருந்த பெரிய டாக்டர் சொன்ன பதில் "வயதாகிவிட்டது, அவ்வளவுதான்". என்ன செய்யலாம் என்று கேட்டதற்கு "ஒன்றும் செய்ய முடியாது" என்றாராம். நம் ஊரில் எந்த ஆஸ்பத்திரி வாசலிலும் இன்றைக்கும் இதே வசனத்தைக் கேட்கலாம். "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்." நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் மாறாத வசனம்!

அதே 1909-ல் வேலூரில் ஐடா ஸ்கடருக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு சின்ன பியூஜியோ கார் நன்கொடையாக வந்து சேர்ந்தது. அதில் மருந்துப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு குடியாத்தம் ரோட்டில் வாராவாரம் கிளம்பினார். வழியில் மரத்தடிகளில் ஜனங்கள் காத்திருப்பார்கள். வண்டி நிற்கும், வைத்தியம் நடக்கும், அடுத்த மரத்தடிக்குப் போகும். நோயாளி ஆஸ்பத்திரிக்கு வர முடியாவிட்டால் ஆஸ்பத்திரி நோயாளியிடம் போகட்டும் என்பது அந்த ரோட்டோர வைத்தியத்தின் கணக்கு.

முதுமைக்குத் தனி வைத்தியம் வேண்டும் என்பது ஒரு யோசனை. வைத்தியம் வீடு தேடிப் போக வேண்டும் என்பது இன்னொரு யோசனை. இரண்டும் ஒரே வருடத்தில் கிளம்பின. ஆனால் இரண்டும் ஒன்றுசேர வேண்டிய இடங்களில் மட்டும் இன்றுவரை சரியாக ஒன்றுசேரவில்லை. அப்படிப்பட்ட ஓர் இடம் வேலூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதுதான் ஜவ்வாது மலை.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு இது. 1989-ல் வட ஆற்காடு மாவட்டம் பிரிந்தபோது மலையும் பிரிந்தது. 2019-ல் திருப்பத்தூர் தனி மாவட்டமானபோது இன்னொரு முறை பிரிந்தது. இப்போது ஒரே மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. ஜமுனாமரத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஜவ்வாது மலை ஒன்றியத்தில் 11 ஊராட்சிகள். 2011 கணக்கெடுப்பின்படி அங்கே மக்கள்தொகை ஐம்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. அவர்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். (கேரளத்து மலையாளிகள் இல்லை, மலையை ஆளுகிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர்.) சாமை, புளி, தேன், பலா என்று வாழ்க்கை. ஊர்கள் கொத்துக் கொத்தாக இல்லாமல் பத்து வீடு இங்கே, இருபது வீடு அந்தச் சரிவில் என்று சிதறிக் கிடப்பவை.

இந்த மலையில்தான் காவலூர் வானாய்வகமும் இருக்கிறது. 1986-ல் அங்கே நிறுவிய 2.34 மீட்டர் தொலைநோக்கி அந்தக் காலத்தில் ஆசியாவிலேயே பெரியது. கோடிக்கணக்கான மைலுக்கு அப்பால் இருப்பதைப் பார்க்கும் கண்ணாடி ஒருபக்கம். பக்கத்துக் கொல்லையில் கண்ணில் புரை விழுந்து, எதிரே வருவது பேரனா பக்கத்து வீட்டுப் பையனா என்று தெரியாமல் நிற்கும் கிழவி இன்னொரு பக்கம். சரி, இது சும்மா ஒரு நினைப்பு. விஷயத்துக்கு வருவோம்.

ஒரு கற்பனைப் பாட்டியை எடுத்துக்கொள்வோம். வயது எழுபத்தைந்து. மகனும் மருமகளும் வருடத்தில் பல மாதம் வெளியூர் வேலைக்குப் போய்விடுகிறார்கள். பாட்டிக்கு ரத்த அழுத்தம் உண்டு. முழங்கால் வலி. கண்ணில் புரை. காது மந்தம். பல் இல்லாததால் களியும் கஞ்சியும்தான் இறங்கும். தனித்தனியாகப் பார்த்தால் இதில் எதுவுமே ஆளைக் கொல்லும் நோய் இல்லை. எல்லாம் சேர்ந்தால்தான் ஆபத்து.

எப்படி என்று பாருங்கள். அழுத்த மாத்திரை போளூரில் ஒரு டாக்டர் கொடுத்தது. பிறகு ஒருநாள் உறவுக்காரர் வண்டியில் திருப்பத்தூர் போனபோது அங்கே இன்னொரு டாக்டர் வேறு பெயரில் அதே வகை மாத்திரையைத் தருகிறார். பழைய சீட்டு வீட்டில் இருக்கிறது, அதனால் அவருக்குத் தெரிய வழியில்லை. பாட்டி இரண்டையும் போடுகிறார். சாப்பாடோ குறைவு. விடியற்காலை எழுந்து நிற்கும்போது கிறுகிறுக்கிறது. கண் சரியாகத் தெரியாது, முழங்காலில் பலமில்லை. வாசல் கல் தடுக்கி விழுகிறார். இடுப்பெலும்பு முறிகிறது. அதற்குப் பிறகு படுக்கை, படுக்கைப் புண், நிமோனியா. ஊரில் சொல்வார்கள், "பாவம், கீழே விழுந்துச்சு, போய்ச் சேர்ந்துருச்சு". உண்மையில் அந்தப் பாட்டி விழுந்தது இரண்டு சீட்டுகளுக்கு நடுவே இருந்த பள்ளத்தில்.

இந்த நிலைக்கு மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டு. தமிழில் நலிவு என்று சொல்லலாம். 2001-ல் லிண்டா ஃபிரைட் என்ற அமெரிக்க மருத்துவரும் அவரது குழுவும் இதற்கு ஐந்து அடையாளங்கள் சொன்னார்கள்: தானாக எடை குறைவது, சீக்கிரம் களைத்துப்போவது, கைப்பிடி தளர்வது, நடை மெதுவாவது, நடமாட்டம் குறைவது. ஐந்தில் மூன்று இருந்தால் நலிவு. கவனித்தால் ஒன்று புரியும். இந்த ஐந்தைக் கண்டுபிடிக்கப் பெரிய ஸ்கேன் எதுவும் தேவையில்லை. வாரம் ஒருமுறை பாட்டியைப் பார்க்கிற, நாலு வார்த்தை பேசுகிற ஓர் ஆள் போதும். அந்த ஆள் யார் என்பதுதான் சரித்திரம் முழுக்க வரும் கேள்வி.

இதற்கு முதல் நல்ல பதில் இங்கிலாந்தில் கிடைத்தது. 1935-ல் லண்டனுக்குப் பக்கத்தில் வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனை, ஒட்டியிருந்த ஏழைகள் விடுதியின் நோயாளிகளை ஏற்க வேண்டி வந்தது. மொத்தம் 714 படுக்கைகள். வருடக்கணக்காகப் படுத்தே கிடந்தவர்கள். அந்தப் பொறுப்பு டாக்டர் மார்ஜரி வாரன் தலையில் விழுந்தது. அந்த அம்மாள் புது மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஒவ்வொருவரையும் முதலிலிருந்து தனித்தனியாகப் பரிசோதித்தார். யாருக்குச் சிகிச்சை வேண்டும், யாருக்கு நடைப்பயிற்சி போதும், யாருக்கு வீடு மட்டும்தான் இல்லை என்று பிரித்தார். வார்டுக்கு நல்ல வெளிச்சமும் வெளிர் நிற வர்ணமும் வந்தன. டாக்டர், நர்ஸ், பயிற்சியாளர், சமூகப் பணியாளர் எல்லோரும் ஒரே ஆளைப் பற்றி ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள். படுத்திருந்தவர்களில் பலர் எழுந்து நடந்தார்கள், நிறைய பேர் வீட்டுக்கே போனார்கள். 714 படுக்கைகள் இருந்த இடத்தில் 240 போதும் என்ற நிலை வந்தது. காமர்ஸ் பாஷையில் சொன்னால் முதலீடே போடாமல் கொள்ளளவு பெருகியது! "வயதாகிவிட்டது, அவ்வளவுதான்" என்ற வசனத்துக்கு முதல் பலத்த அடி அதுதான்.

அடுத்த பாய்ச்சல் 1970-களில் சான் பிரான்சிஸ்கோவின் சைனாடவுனில். வீட்டை விட்டு முதியோர் இல்லத்துக்குப் போக மனமில்லாத சீனக் கிழவர் கிழவிகளுக்காக "ஆன் லோக்" என்ற அமைப்பு தொடங்கியது. பகலில் ஒரு மையத்துக்கு வண்டியில் அழைத்து வருவார்கள். சாப்பாடு, டாக்டர், உடற்பயிற்சி, பேச்சுத்துணை எல்லாம் அங்கேயே. சாயங்காலம் வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள். ஒரே குழு, ஒரே கோப்பு, ஒரே பணப்பை. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் அதன் ரகசியம். அமெரிக்கா முழுக்கப் பின்னால் பரவிய திட்டத்துக்கு அதுவே மூலம்.

தமிழ்நாடும் இதில் சும்மா இருக்கவில்லை என்பது நம்மில் பலருக்குத் தெரியாத சேதி. 1978-ல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் முயற்சியில் முதியோருக்கென்றே ஒரு புறநோயாளிப் பிரிவு தொடங்கியது. இந்தியாவில் முதியோர் மருத்துவத்தின் முதல் பேராசிரியர் அவர்தான். 1996-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கான எம்.டி. படிப்பு வந்தது, அதுவும் நாட்டிலேயே முதல். 2012-ல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. 2010-11-ல் மத்திய அரசின் தேசிய முதியோர் நலத் திட்டம் 100 மாவட்டங்களில் தொடங்கியது. மாவட்ட மருத்துவமனையில் 10 படுக்கை வார்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் ஒரு நாள் முதியோர் கிளினிக் என்பது அதன் வரைபடம். 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. எல்லாம் நல்ல காரியம்தான். ஆனால் கிண்டிக்கும் ஜமுனாமரத்தூருக்கும் இருநூறு கிலோமீட்டருக்கு மேல். ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர், அதுவும் கொண்டை ஊசி வளைவுகளோடு.

இங்கேதான் பதிவேட்டின் கதை வருகிறது.

தமிழ்நாட்டின் பொது சுகாதாரத் துறை நல்ல துறை என்று பெயர் வாங்கியது. 1922 முதல் தனி இயக்ககம், 1939 முதல் தனிச் சட்டம். கிராம சுகாதாரச் செவிலியர் கையில் இருக்கும் பதிவேடு அதன் முதுகெலும்பு. ஆனால் அந்தப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது? கர்ப்பிணி, பச்சிளம் குழந்தை, தடுப்பூசி போட வேண்டிய பிள்ளை, குடும்பக் கட்டுப்பாடு செய்துகொள்ள வேண்டிய தம்பதி. 2008-லிருந்து ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் "பிக்மி" எண் வேறு. எத்தனையாவது மாதம், ரத்தம் எவ்வளவு, எந்த ஆஸ்பத்திரியில் பிரசவம் என்று எல்லாம் ஒரே கோட்டில் வரும். தாய்சேய் மரணம் குறைந்ததில் இந்தக் கோட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

பாட்டிக்கு அப்படி ஓர் எண் கிடையாது. இதில் வேடிக்கை என்னவென்றால், மற்ற எல்லாப் பதிவேட்டிலும் பாட்டி இருக்கிறார். ரேஷன் கார்டில் பெயர் உண்டு. வாக்காளர் பட்டியலில் உண்டு. 1962-ல் மாதம் 20 ரூபாயோடு தொடங்கிய முதியோர் பென்ஷன், அதாவது ஊர்ப் பேச்சில் ஓஏபி, அதன் பட்டியலிலும் இடம் கிடைத்திருக்கலாம். அந்தத் தொகை 2011-ல் ஆயிரமாகவும் 2023-ல் 1200 ஆகவும் உயர்ந்தது. ஆக, பாட்டி உயிரோடு இருக்கிறாரா என்று சரிபார்க்க வருவாய்த் துறையில் ஆள் உண்டு. எப்படி இருக்கிறார் என்று எழுதி வைக்க சுகாதாரத் துறையில் நெடுங்காலம் ஏடு இல்லை.

இதற்காக அந்தக் காலத்து அதிகாரிகளைத் திட்டிப் பயனில்லை. பிரசவத்தில் தாய்மார்கள் செத்துக்கொண்டிருந்த காலம் அது, முதலில் அதைத்தான் கவனித்திருக்க வேண்டும். கவனித்தார்கள், ஜெயித்தார்கள். அந்த வெற்றியால் ஆயுள் கூடியது. ஆயுள் கூடியதால் முதியோர் கூடினார்கள். 2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் அறுபது தாண்டியவர்கள் 8.6 சதவீதம், தமிழ்நாட்டில் பத்து சதவீதத்துக்கும் மேல். ஏடு மட்டும் பழைய ஏடாகவே நின்றுவிட்டது.

ஏட்டை மாற்றி எழுதிப் பார்த்த இடங்களும் பக்கத்திலேயே உண்டு. ஐடா ஸ்கடர் தொடங்கிய அதே வேலூர் சி.எம்.சி., 1977-ல் கே.வி. குப்பம் வட்டாரத்தில் "ரூசா" என்ற கிராமப்புற மையத்தை அமைத்தது. பின்னாளில் அதன் கீழ் சில கிராமங்களில் முதியோர் நல மையங்கள் வந்தன. ஆதரவில்லாத வயதானவர்கள் பகலில் வந்து கூடுவார்கள். மதியச் சாப்பாடு, உடல்நிலைப் பரிசோதனை, கொஞ்சம் விளையாட்டு, நிறைய பேச்சு. ஆன் லோக்கின் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். சி.எம்.சி.யின் சமூக நலப் பிரிவான "சாட்" ஜவ்வாது மலை மேலேயும் போய் வேலை செய்திருக்கிறது.

தர்மபுரி மாவட்டத்துச் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே இருக்கும் சிட்லிங்கி இன்னொரு பாடம். 1993-ல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதா ரெஜியும் ஒரு கூரைக் கொட்டகையில் வைத்தியம் ஆரம்பித்தார்கள். அங்கே இருப்பவர்களும் மலையாளிப் பழங்குடியினர்தான். அந்த ஊர்ப் பெண்களையே பயிற்றுவித்துச் சுகாதாரப் பணியாளர்கள் ஆக்கினார்கள். வெளியூரிலிருந்து வரும் நர்ஸ் இடமாறுதல் கேட்பார். உள்ளூர் மருமகள் எங்கே போவார்? மலையில் வைத்தியம் நிலைப்பதற்கு இதைவிட எளிய சூத்திரம் இல்லை.

மலைக்கு அப்பால் கேரளத்தில், 1990-களின் கடைசியிலிருந்து மலப்புரம் பக்கத்தில் அக்கம்பக்கத்தாரே தொண்டர்களாகிப் படுக்கையாகக் கிடப்பவர்களை வீட்டில் போய்ப் பார்க்கும் ஏற்பாடு வளர்ந்தது. 2008-ல் கேரள அரசு அதை ஒரு கொள்கையாகவே ஏற்று உள்ளாட்சிகளின் பொறுப்பில் விட்டது. பஞ்சாயத்துக்குக் கணக்குக் கேட்கும் ஜனங்கள் இருக்கும் ஊரில் அது செல்லும். எல்லா ஊருக்கும் செல்லுமா என்பது வேறு விஷயம்.

தமிழ்நாட்டில் ஏடு உண்மையாகவே மாறத் தொடங்கியது 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி என்று சொல்லலாம். கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதல்வர் மு.க. ஸ்டாலின் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தைத் தொடங்கிவைத்தார். மகளிர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்த தன்னார்வலர் வீட்டுக்கு வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பார், மாத்திரை தருவார். இயன்முறை மருத்துவர் வந்து கை கால் பயிற்சி கொடுப்பார். படுக்கையில் கிடப்பவரைச் செவிலியர் வந்து கவனிப்பார். 2024-ல் ஐ.நா.வின் தொற்றா நோய்களுக்கான பணிக்குழு இதற்கு விருது கொடுத்தது. 1909-ன் இரண்டு யோசனைகளும் ஓரளவாவது கை குலுக்கிக்கொண்ட இடம் இது. அரசியல் பிடிக்கிறதோ இல்லையோ, மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை விட்டு மலையிறங்கும் வேலை மிச்சமானது பெரிய விஷயம்.

ஆனால் கணக்கை இன்னும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். திட்டத்தின் அமைப்பில் இயன்முறை மருத்துவரும் ஆதரவுச் சிகிச்சைச் செவிலியரும் வட்டாரத்துக்கு ஒருவர். சமவெளி வட்டாரத்தில் ஒரு வண்டி காலையில் ஏழெட்டு வீடு பார்த்துவிடலாம். சிதறிய குக்கிராமங்களில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஓடையும் காடும் இருக்கும். நம் விதிகளிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், மலையில் 20,000 பேருக்கு ஒன்று. துணை நிலையம் 5,000-க்குப் பதில் 3,000-க்கு. கட்டடத்துக்கு இந்தச் சலுகையைக் கொடுத்தவர்கள் வீட்டுக்கு நடந்து போகும் செவிலியருக்கும் கொடுத்திருக்கலாம்.

ரோடும் ஒரு கேள்வி. 2023 மே மாதம் இந்த மலைத்தொடரின் வேலூர்ப் பக்கம், அணைக்கட்டு வட்டத்து அல்லேரி மலையில் பாம்பு கடித்து ஒன்றரை வயதுக் குழந்தை இறந்தது. சரியான பாதை இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதியிலேயே நிற்க, தாய் குழந்தையின் உடலைத் தூக்கிக்கொண்டு மலையேறி நடந்தார். நாடே பேசியது. குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கலாம். இடுப்பொடிந்த எழுபத்தைந்து வயது ஆளைத் தூக்க நான்கு பேரும் ஒரு கட்டிலும் வேண்டும், அந்த நான்கு பேர் வெளியூர் வேலைக்குப் போயிருப்பார்கள். இது செய்தியில் வராது. வயதானவர் சாவு தலைப்புச் செய்தி ஆவதில்லை.

அதைவிட முக்கியமான குறை கோர்ப்பு. தன்னார்வலர் அழுத்தம் பார்க்கிறார். கண் முகாம் வேறு துறை. காதுக் கருவி மாற்றுத்திறனாளிகள் நலத்துறை. பென்ஷன் வருவாய்த் துறை. அரிசி உணவுத் துறை. பெரிய அறுவைச் சிகிச்சை காப்பீட்டு அட்டை. அத்தனையும் பாட்டிக்கு உண்டு, அத்தனையையும் ஒரே நேரத்தில் பாட்டியின் பக்கத்திலிருந்து பார்க்கும் ஆள்தான் இல்லை. மூன்று மாவட்டமாகப் பிரிந்த மலையில் இது இன்னும் மோசம். ஜமுனாமரத்தூர்ப் பாட்டிக்குப் பக்கத்து ஊர் திருப்பத்தூராக இருக்கலாம், ஆனால் கோப்பு திருவண்ணாமலையில் நிற்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட கையேடு ஒன்று இதற்கு ஒரு வழி சொல்கிறது. நினைவு, நடமாட்டம், ஊட்டம், பார்வை, கேள்வி, மனச்சோர்வு. இந்த ஆறையும் ஊர்ச் சுகாதாரப் பணியாளரே சில நிமிடத்தில் சோதித்துவிடலாம். மூன்று வார்த்தை சொல்லித் திருப்பிக் கேட்பது, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் ஐந்து முறை எழச் சொல்வது, காதருகே மெதுவாகப் பேசிப் பார்ப்பது. எதில் குறை தெரிகிறதோ அதை மட்டும் மேலே அனுப்புவது. ஆறு கேள்விக்கு ஆறு கட்டம் போட்ட ஓர் அட்டை போதும். ஒவ்வொரு டாக்டரும் தரும் மாத்திரையின் பெயரையும் அதிலேயே எழுதச் சொன்னால் அந்த இரண்டு சீட்டுப் பள்ளமும் மூடிக்கொள்ளும்.

கர்ப்பிணிக்கு அப்படி ஓர் அட்டை ரொம்ப நாளாக உண்டு. மலையில் இருக்கும் பெண்கள்கூட அதை பாலித்தீன் பையில் போட்டுப் பத்திரமாக வைத்திருப்பார்கள். எந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.